பெரிய வீட்டு பாய்லரும் இரண்டு தேங்காயும்

1. அழுகிற பாய்லர்

"கோ மணி, உங்க பாய்லர் அழுவுது. உடனே வாங்க" என்று பெரிய வீட்டு டோ சான் யீ போன் செய்தபோது நான் ரங்கூன் தாமுவே மார்க்கெட்டில் மீன்காரியோடு வாதாடிக்கொண்டிருந்தேன். பாய்லர் என்னுடையது அல்ல, அந்த அம்மாவுடையது. ஆனால் ஒழுகும்போதெல்லாம் அது என்னுடையதாகிவிடும். இந்த ஊரில் நம் ஆட்களுக்கு இது பழக்கம்தான். வேலை ஒழுங்காக நடந்தால் வாத்தியாரைக் கூப்பிடுகிற மரியாதையில் 'சயா' என்பார்கள். ஒழுகினால் 'அந்தக் கலாவைக் கூப்பிடு' என்பார்கள். கலா என்பது இந்தியனுக்கு இவர்கள் வைத்த இளக்காரப் பெயர். டோ சான் யீ அந்த ரகம் இல்லை. எது ஒழுகினாலும் எனக்கு 'கோ மணி', அதாவது மணி அண்ணன், என்ற மரியாதை குறையாது.

சங்க மலருக்குத் தொழில் அனுபவம் எழுதச் சொன்னவர்கள் அரிசி மில் பாய்லர், சோப்பு ஃபேக்டரி பாய்லர் என்று பெரிய கதைகளை எதிர்பார்த்திருப்பார்கள். எல்லாவற்றையும் பார்த்தவன்தான் நான். ஆனால் இத்தனை வருஷத்தில் என்னை நிஜமாகவே உலுக்கியது ஒரு வீட்டு பாய்லர். ரங்கூனில் வீட்டுக்கு எதற்கு பாய்லர் என்று கேட்பீர்கள். சித்திரை மாதத்தில் மேல் டேங்க் தண்ணீரை அப்படியே பிடித்து டீ போடலாம், அப்படிப்பட்ட ஊர் இது. அந்த வீடு ஒரு காலத்தில் ஏதோ வெளிநாட்டுக் கம்பெனிக்கு வாடகைக்குப் போயிருந்தது. அதன் பெரிய துரை குளிர் தேசத்து ஆள். குழாயைத் திருகினால் வெந்நீர் வராத வீட்டில் மனுஷன் வாழ முடியாது என்று டீசலில் எரிகிற பாய்லர் ஒன்றைக் கொண்டுவந்து பின்கட்டு ஸ்டோர் ரூமில் வைத்து, மாடி பாத்ரூம் எல்லாவற்றுக்கும் லைன் இழுத்துவிட்டார். துரை போனார், பாய்லர் தங்கிவிட்டது. வருஷா வருஷம் குளிர் தொடங்கும்போது அதற்கு வைத்தியம் பார்ப்பது என் வேலை. கிணற்றுத் தண்ணீர் உள்ளே இருக்கிற சுருள் குழாயை அரித்துத் தின்றுகொண்டே வந்தது. நான் ஒட்டுப் போட்டுக்கொண்டே வந்தேன். கடைசியில் அதில் பாதி பாய்லர், பாதி ஒட்டு.

நான் போய்ப் பார்த்தபோது ஸ்டோர் ரூமில் கணுக்கால் தண்ணீர். இனி ஒட்டுப் போட இடமே இல்லை என்று சொன்னேன். டோ சான் யீ அங்கேயே ஒரு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். மகள் மா சூவுக்குப் பிரசவ நேரம் நெருங்கியிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே அம்மா வீட்டுக்குத்தான் வருவாள். பிள்ளை பெற்றவள் மேல் பச்சைத் தண்ணீர் படக்கூடாது என்பதில் பர்மியர்கள் நம்மைவிடக் கண்டிப்பு.

"மகன் பொறந்தப்ப எனக்குக் குளிர் கண்டுருச்சு. பச்சப் புள்ளையத் தூக்க முடியாமப் படுத்த படுக்கையாக் கெடந்தேன். என் மகளுக்கு அது வரக்கூடாது. அவ வீட்டுக்குள்ள கால் வைக்கும்போது மாடிக் குழாய்ல வெந்நீர் வரணும்" என்றார்.

அடுப்பில் காய வைத்துத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினால் என்ன என்று நானும் வாயை விட்டேன். அவர் சமையல்காரம்மாவைக் கூப்பிட்டுக் காலைக் காட்டச் சொன்னார். வெந்நீர்ப் பானையோடு படியில் சறுக்கி, கணுக்காலிலிருந்து விரல் வரை கட்டு. அத்தோடு வாயை மூடிக்கொண்டு புது பாய்லர் பார்க்கக் கிளம்பினேன்.

2. சிங்கப்பூர் கேட்ட கேள்வி

டோ சான் யீயின் மகன் கோ நைங் சிங்கப்பூரில் எஞ்சினியர். அம்மா போனைத் திருப்பிப் பிடித்து அவரிடம் ஸ்டோர் ரூமைக் காட்டினார். டீசல் வேண்டாம், ஒவ்வொரு பாத்ரூமுக்கும் ஒரு கரண்ட் ஹீட்டர் மாட்டுங்கள் என்றார் அவர். நல்ல யோசனைதான், கரண்ட் இருக்கிற ஊரில். இங்கே கரண்ட் வரும்போது 'மீ லா பி' என்று தெருவே கத்துகிறது. கரண்ட் வந்துவிட்டது என்று அர்த்தம். தினமும் வருகிற ஒன்றை ஒரு ஜனம் இப்படி வரவேற்கிறது என்றால் அது எந்த லட்சணத்தில் வருகிறது என்று நீங்களே புரிந்துகொள்ளலாம். அத்தனை ஹீட்டரை ஜெனரேட்டரில் போட்டால் ஜெனரேட்டர் மூச்சை விட்டுவிடும். டீசல் பாய்லர் என்றால் பர்னரின் சின்ன மோட்டாருக்கும் பம்புக்கும்தான் கரண்ட். அதை வீட்டு பேட்டரியே பார்த்துக்கொள்ளும். இதைச் சொன்னதும் கோ நைங் உடனே ஒத்துக்கொண்டார். படித்தவர், ஆனால் பிடிவாதக்காரர் இல்லை.

ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "சயா, ஹாட் லைன் பூரா லாகிங் போடுவீங்கதானே?"

லாகிங் என்றால் சூடு வெளியே போகாமல் இருக்க பைப்புக்கு மாட்டுகிற ரப்பர் சட்டை. போடுவோம் போடுவோம் என்றேன். வெளியே வந்ததும், ரங்கூன் புழுக்கத்தில் பைப்புக்குச் சட்டை மாட்டச் சொல்ல ஏசி ரூமில் இருப்பவரால்தான் முடியும் என்று சொல்லிச் சிரித்தேன். கூடச் சிரித்தது செல்வராஜ்.

செல்வராஜ் என் தங்கையைக் கட்டியவன். தாகேதாவில் வீடு. வெல்டிங்கில் அவன் கை பட்டால் தையல் தெரியாது. பக்தியிலும் அப்படித்தான், கழுத்து வரை மூழ்கியவன். எந்த மெஷினுக்கு முதல் நெருப்பு வைத்தாலும் சூடம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, பிள்ளையாரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் விடமாட்டான். அதற்காகவே அவன் டூல்ஸ் பையில் ஸ்பேனர்களோடு ஒரு தேங்காய் எப்போதும் உருண்டுகொண்டிருக்கும். அந்தத் தேங்காயை எடுத்துவிட்டால் இன்னொரு பைப் ரெஞ்ச் வைக்க இடம் கிடைக்கும் என்று நான் சொல்லாத நாள் இல்லை.

3. பலகைப் பொந்து

லத்தாவில் ஒரு சீனர் கடையில் சின்னதாக, அடக்கமாக ஒரு புது பாய்லர் கிடைத்தது. அதைவிடப் பெரிய வேலை பழையதை வெளியே எடுப்பது. துரை காலத்துச் சரக்கு, கதவை வைப்பதற்கு முன்னால் உள்ளே வைத்துவிட்டார்கள் போல. செல்வராஜ் கேஸ் கட்டிங் வைத்துத் துண்டு துண்டாக அறுத்தான். ஒவ்வொரு துண்டிலும் என் ஒட்டுகள் பல்லைக் காட்டின.

பாய்லரை உட்கார வைத்து, புகைக்குழாயை வெளிச்சுவர் வழியாக விட்டு, டீசல் லைன் கொடுத்தது வரை எல்லாம் சுலபமாகப் போனது. பிரச்சனை மாடிக்குப் போகிற ஹாட் லைன். பழைய இரும்பு பைப் உள்ளே துருவேறி அடைத்துக் கிடந்தது. புதிது போட இரண்டு வழி. ஒன்று, வெளிச்சுவரில் மூங்கில் சாரம் கட்டி ஏற்றுவது. அதற்குத் திருப்பத்துக்குத் திருப்பம் எல்போ மாட்ட வேண்டும், வேலையும் நிறைய. இன்னொன்று, ஸ்டோர் ரூம் மூலையில் பழைய ஒயர்கள் போன தேக்குப் பலகைப் பொந்து. நேராக மாடி வரை போகிறது. நீங்கள் என்ன செய்திருப்பீர்களோ அதைத்தான் நாங்களும் செய்தோம். லாகிங் சுற்றிய பைப் அந்தப் பொந்தில் நுழையவில்லை. சட்டையைக் கழற்றியதும் வழுக்கிக்கொண்டு போனது. கோ நைங் சிங்கப்பூரில் நிம்மதியாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

அந்தப் பலகைக்கு மறுபக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. அது வீட்டின் முன்கூடத்து உள்மூலை. நாங்கள் வருவது பின்வாசலில், சாப்பிடுவது பின்படிக்கட்டில், கை கழுவுவது தோட்டக் குழாயில். முன்கூடத்துக்கு வராதே என்று யாரும் சொன்னதில்லை. போகிற வழக்கம் இல்லை, அவ்வளவுதான்.

நாங்கள் பொந்தில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோதே மா சூ வலி கண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். பெண் குழந்தை. மறுநாள் மத்தியானத்துக்கு மேல் வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்று செய்தி வந்தது. அன்று சாயங்காலமே பாய்லரைப் பற்றவைத்தோம். செல்வராஜ் கொல்லையில் சூடம் கொளுத்தி, கல்லில் தேங்காயை உடைத்தான். பர்னர் முதல் தடவையிலேயே பிடித்துக்கொண்டது. மாடிக் குழாய் கொஞ்சம் இருமி, காற்றைத் துப்பி, பிறகு ஆவி பறக்கக் கொட்டியது. டோ சான் யீ கையை நீட்டிப் பார்த்துவிட்டு என் தோளைத் தட்டினார். விடிந்தால் மகள் வருகிறாள், லைன் சூடாகவே இருக்கட்டும், பம்பை அணைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு நாங்கள் கிளம்பினோம். நல்ல மனசோடு சொன்ன யோசனைதான் அது.

4. முன்கூடத்தில் முதல் தடவை

காலையில் போன் வந்தது. கூப்பிட்டது டிரைவர். அம்மா உங்கள் இரண்டு பேரையும் முன்வாசல் வழியாக வரச் சொல்கிறார் என்றான். செல்வராஜையும் கூட்டிக்கொண்டு போய் முதல் தடவையாக முன்வாசலில் செருப்பைக் கழற்றினேன்.

கூடத்து மூலையில், தலைக்கு மேலே, சிவப்புத் துணி கட்டிய தேங்காய் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. பர்மிய வீடுகளைத் தெரிந்தவர்களுக்கு இது புதிதில்லை. வீட்டைக் காக்கிற மஹாகிரி என்ற 'நாட்'டுக்கு வைக்கிற தேங்காய். நாட் என்றால் நம் ஊர்க் காவல் தெய்வம் மாதிரி. ராஜா ஒருவன் அவரை மரத்தில் கட்டி உயிரோடு எரித்தான் என்பது கதை. தீக்காயத்துக்குக் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்றுதான் இளநீர் உள்ள முழுத் தேங்காய். நெருப்பையும் சூட்டையும் அவர் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது. இதெல்லாம் இங்கே பிறந்த எனக்கு மனப்பாடம். அந்தத் தேங்காய் இப்போது நெடுக விரிசல் விட்டு, தண்ணீர் முழுக்கத் தரையில் சொட்டிக் காய்ந்திருந்தது.

மேஜை மேல் ஒரு தட்டு. அதில் செல்வராஜ் கொல்லையில் உடைத்த தேங்காய் மூடிகள், சூடக் கரியோடு. சமையல்காரம்மா பொறுக்கிக்கொண்டுவந்து சாட்சிக்கு வைத்திருந்தாள். கலாக்கள் ஏதோ மந்திரம் போட்டுவிட்டார்கள் என்று அவள் டிரைவரிடம் கிசுகிசுத்தது என் காதில் நன்றாகவே விழுந்தது.

டோ சான் யீ கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "உங்காளு பின்னாடி ஒரு தேங்காய ஒடச்சாரு. விடிஞ்சு பாத்தா முன்னாடி என் வீட்டுத் தேங்காய் ஒடஞ்சு கெடக்கு. நாட் கோபமா இருக்கிற வீட்டுக்குள்ள என் மகளையும் புள்ளையையும் நான் எப்படி விடுவேன்? அந்த மெஷினக் கழட்டி எடுத்துக்கிட்டுப் போயிருங்க" என்றார்.

சொல்லி முடிப்பதற்குள் அந்த அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. வெந்நீர் வேண்டும் என்று எல்லோரையும்விட ஏங்கியவர் அவர்தான். அவரே அதை வெளியே தூக்கிப் போடச் சொல்கிறார். செல்வராஜ் பக்கம் திரும்பினேன். அவன் முகத்தில் ரத்தம் இல்லை. தான் உடைத்த தேங்காய்தான் இதைச் செய்தது என்று அவனே நம்பிவிட்டான்.

நான் மூலைக்குப் போய்ப் பலகையில் கையை வைத்தேன். கொதித்தது. எங்கள் பொந்து. சட்டையில்லாத எங்கள் பைப். ராத்திரி பூராவும் ஓடிய பம்ப். ஒரு நிமிஷம் பேசாமல் இருந்துவிடலாமா என்று தோன்றியதை மறைக்க மாட்டேன். ஆனால் பேசாமல் இருந்தால் பாய்லர் வெளியே போகும், செல்வராஜ் மந்திரவாதி ஆவான், பச்சை உடம்புக்காரிக்குப் பச்சைத் தண்ணீர்.

"அம்மா, இங்க கைய வைங்க" என்றேன்.

வைத்தார். சட்டென்று எடுத்துவிட்டார்.

"இது மந்திரமும் இல்ல, தந்திரமும் இல்ல. மாடிக்குப் போற வெந்நீர் பைப்பு. நெருப்புல செத்த மனுஷனோட முதுகுல கொண்டுபோய் நாங்க வெந்நீர் பைப்ப ஓட்டிட்டோம். கோபம் வராம என்ன செய்யும், எனக்கே வரும்."

டோ சான் யீ என்னையும் தேங்காயையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப ஒடச்சது பைப்பா, அவரா?"

"சூடு வச்சது பைப்பு. அது மட்டுந்தான் எனக்குத் தெரியும். அவருகிட்ட நீங்கதான் கேக்கணும்."

அந்த நேரத்திலும் அவருக்குச் சிரிப்பு வந்து உதட்டை மடித்துக்கொண்டார். மகள் வருவதற்குள் பைப் அந்தச் சுவரைவிட்டுப் போக வேண்டும், இல்லாவிட்டால் பாய்லர் போக வேண்டும் என்று முடிவாகச் சொன்னார்.

5. வெளிச்சுவர்

முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலையை ஓட்டமாக ஓடிச் செய்தோம். சாரம் கட்டினோம், பொந்திலிருந்து பைப்பை உருவினோம், வெளிச்சுவரில் ஏற்றினோம். லாகிங் ஒரு சுற்றுக்கு இரண்டு சுற்று. கோ நைங்குக்கு விஷயம் போய், அவர் போனில் என்னைக் கூப்பிட்டார். 'நான் அன்னைக்கே சொன்னேன்' என்று ஆரம்பிப்பார் என்று காத்திருந்தேன். ஆரம்பிக்கவில்லை. வெளியே வெயிலும் மழையும் படும், மேலே தகரம் சுற்றிவிடுங்கள் என்று மட்டும் சொன்னார். திட்டு வாங்கியிருந்தால் இந்த அளவுக்கு வெட்கமாக இருந்திருக்காது.

செல்வராஜ் குனிந்த தலை நிமிராமல் வேலை பார்த்தான். பயந்துவிட்டான் என்று நினைத்து, ஒரு தேங்காய்க்கே இப்படியா என்று சீண்டினேன். அவன் கிளாம்பை இறுக்கிக்கொண்டே சொன்னான்.

"அந்த நாட் ஒரு கொல்லரு மச்சான். தெரியுமில்ல? இரும்பு அடிக்கிறவரு. நம்ம தொழிலு."

தெரியும். சின்ன வயதிலிருந்து கேட்ட கதை. நெருப்போடு வேலை செய்தவனை நெருப்பிலேயே போட்டுக் கொன்றார்கள் என்பதை நான் ஒருநாளும் நின்று யோசித்ததில்லை. செல்வராஜின் முழங்கையில் ஒரு பழைய தீக்காயம் உண்டு. தாகேதா பட்டறையில் கேஸ் ட்யூப் வெடித்தபோது பட்டது. ராத்திரியெல்லாம் கையை வாழையிலையில் கிடத்தி வைத்திருந்தார்கள். அந்தக் கையால்தான் கிளாம்பை இறுக்கிக்கொண்டிருந்தான். எனக்கு அதற்கப்புறம் கேலி வரவில்லை.

பைப் வேலை முடிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து கார் கிளம்பிவிட்டது என்றான் டிரைவரிடம் போனில் பேசிய கேட் காவல்காரன். பாய்லரைப் பற்றவைக்க வேண்டியதுதான் பாக்கி. அங்கே வந்தது அடுத்த சிக்கல். தேங்காய் உடைக்காமல் நெருப்பு வைக்க மாட்டேன் என்று செல்வராஜ் நின்றான். முதல் நெருப்புக்குத்தான் உடைத்தாகிவிட்டதே என்றேன். அந்த நெருப்புதான் அபசகுனமாகிவிட்டதே, இது புது நெருப்பு என்றான். டோ சான் யீயோ, இன்னொரு தேங்காய் தன் மதிலுக்குள் உடையக்கூடாது என்று நின்றார். நடுவில் நான். சாமி நம்பிக்கையே பெரிதாக இல்லாதவனை இரண்டு தெய்வத்துக்கு வக்கீலாக்கிவிட்டார்கள்.

டோ சான் யீ செல்வராஜிடம் நேராகவே கேட்டார். "ஒடைக்கிறது எதுக்கு?"

"தடங்கல் வராம இருக்க."

"தடங்கல் யாருக்கு வந்துது? அவருக்குத்தான வந்துது? அந்தத் தேங்காய ஒடைக்காம முழுசா அவருக்கே குடுங்க. உங்க கையாலயே கட்டுங்க."

 செல்வராஜ் டூல்ஸ் பைக்குள் கையை விட்டு, காலையில் வரும்போதே போட்டு வந்திருந்த குடுமித் தேங்காயை எடுத்தான். தோட்டக் குழாயில் முகம் கை கால் கழுவினான். கூடத்துக்குள் நுழையும்போது செருப்பு இல்லாத காலையே இன்னொரு தடவை மிதியடியில் துடைத்துக்கொண்டான். டோ சான் யீ புதுச் சிவப்புத் துணியை நீட்டினார். அவன் ஸ்டூலில் ஏறி, ஓட்டை உடைசல் இருக்கிறதா என்று தேங்காயைக் காதோரம் ஆட்டித் தண்ணீர்ச் சத்தம் கேட்டு, தலைப்பாகை கட்டுகிற மாதிரி துணியைச் சுற்றி மாட்டினான். கும்பிட்டான். பர்மியத்தில் என்ன சொல்வது என்று தெரியாமலோ என்னவோ, தமிழிலேயே சொன்னான்.

"மன்னிச்சுக்குங்கண்ணே. தெரியாமச் சுட்டுட்டோம்."

எங்கள் இருவரைத் தவிரக் கூடத்தில் யாருக்கும் தமிழ் தெரியாது. என்ன சொன்னான் என்று யாரும் கேட்கவும் இல்லை. சமையல்காரம்மாகூடக் கட்டுப்போட்ட காலை மடித்துக்கொண்டு உட்கார்ந்து கும்பிட்டாள். நானும் கையைக் கூப்பினேன். என்னத்துக்கு என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது.

செல்வராஜ் போய் பர்னரைப் போட்டான். சூடமில்லை, உடைத்த தேங்காயில்லை. பிடித்துக்கொண்டது. பாய்லர் கேஜில் சூடு காட்டுகிற முள் ஏற ஏற, டோ சான் யீ மூலையில் நின்று, காய்ச்சல் பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோலப் பலகையில் புறங்கையை வைத்துக்கொண்டே இருந்தார். மாடிக் குழாயில் வெந்நீர் வந்துவிட்டது என்று நான் மேலேயிருந்து குரல் கொடுத்த பிறகும் கையை எடுக்கவில்லை. கேட்டில் ஹாரன் அடித்தபோதுதான் எடுத்தார்.

"குளுகுளுன்னு இருக்கு" என்றார். சொல்லிவிட்டு மகளைக் கூட்டிவர ஓடினார். அந்த வயதில் அந்த அம்மா ஓடி நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

மா சூ அன்று வெந்நீரில் உடம்பு துடைத்துக்கொண்டு தூங்கினாள். நாங்கள் இருவரும் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். பின்படிக்குப் போக எழுந்தவர்களை டோ சான் யீ உட்கார வைத்துவிட்டார். பிள்ளையைக் கொண்டுவந்து காட்டினார்கள். எண்ணெய்க் கையோடு தொடக்கூடாது என்று செல்வராஜ் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தான்.

இளைஞர்களுக்கு ஏதாவது சொல்லித்தான் முடிக்க வேண்டுமாம். சொல்கிறேன். லாகிங் போடுங்கள், சொல்கிறவர் சிங்கப்பூரில் இருந்தாலும் போடுங்கள். உங்களுக்கு நம்பிக்கை இல்லாத சாமிக்கும் சூடு வைக்காதீர்கள். ஒரு சுவரில் கை வைப்பதற்கு முன்னால் அதன் மறுபக்கத்தைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். கேட்டால் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுவார்கள். அந்த வீட்டுக்கு அத்தனை வருஷம் போய் வந்தும் நாங்கள் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.